ஒரு சாண் தண்ணீர்

பதினொரு வருடங்களாக நான் "மியூசியத்தில் வேலை" என்றுதான் சொல்லி வந்தேன். அது பொய் இல்லை. அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. ஜெர்மனியில், இந்த வுப்பர்டாலில் உள்ள எங்கள் ஆட்களுக்குப் பாதி விஷயம் தெரிந்தால் போதும், மீதியைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். அப்படி நிரம்பியதில், கனடாவில் இருக்கும் என் மைத்துனிக்கு நான் ஒரு அதிகாரி. கொலோனில் இருக்கும் சம்பந்தி வீட்டாருக்கு நான் ஏதோ ஆராய்ச்சி செய்கிறவள். உண்மையில் நான் அங்கே கூட்டினேன், துடைத்தேன், தறிகளுக்கு அடியில் குனிந்து பஞ்சுத் தூசியை உறிஞ்சினேன், திங்கட்கிழமைகளில் கழிவறைகளைத் தேய்த்தேன். எந்த அதிகாரிக்கும் வராத முழங்கால் வலி மட்டும் வந்தது.

அந்த மியூசியம் ஒரு பழைய நாடா ஆலை. தொப்பிக்குக் கட்டும் நாடா, காற்சட்டை இடுப்புக்குள் வைத்துத் தைக்கும் நாடா, செத்த வீட்டு மலர்வளையத்தில் பெயர் எழுதும் நாடா என்று உலகத்துக்குத் தேவையான எல்லா நாடாவும் அங்கேதான் நெய்தார்களாம். இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆற்றிலிருந்து கால்வாய்களை வெட்டி, ஆலை ஆலையாகத் தண்ணீரைக் கொண்டுபோனார்கள். ஒரே தண்ணீர் ஒருவனுடைய சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அடுத்தவனுடைய நூலை வெளுத்து, அதற்கடுத்தவனுடைய சாயத்தையும் அள்ளிக்கொண்டு கீழே போகும். ஆறு ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் நீலமாக ஓடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வழிகாட்டிகள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கதை சொல்லியபடி முன்னால் போக, அந்த ஆட்களின் சப்பாத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனவள் நான். கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் பாடம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு வழிகாட்டி எந்த இடத்தில் பிழை விடுவார் என்பதும் பாடம்.

எனக்கு அந்த வேலை வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை என்று மெதுவாகச் சொல்கிறேன், அது வெறி. ஒரு நாளாவது நான் முன்னால் நடக்க வேண்டும், நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். என் வயதில் வேறு என்ன கேட்டேன்?

பல மொழிகளில் ஃபியூருங் வைக்கப் போகிறார்கள், அதாவது ஆட்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவது, என்று தெரிந்ததும் நான் தமிழுக்கு ஒரு அன்ட்ராக், விண்ணப்பக் கடிதம், எழுதிக் கொடுத்தேன். மியூசியத்தின் பொறுப்பாளர் ஒரு பெண். என் மூத்த மகளைவிட இரண்டு வயது கூட இருக்கும். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஒரு முறை செய்து காட்டுங்கள், நான் பின்னால் நின்று பார்க்கிறேன் என்றார். உங்களுக்குத் தமிழ் தெரியாதே என்று கேட்டேன். பார்க்க வருகிறவர்களின் முகம் எனக்குப் போதும் என்றார். எங்கள் ஆட்களின் முகம் எனக்குத் தெரியும்.

முப்பது பக்கம் எழுதிப் பாடமாக்கினேன். வீட்டில் ரொட்டி உருட்டும் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இவருக்குச் செய்து காட்டினேன். இவர் என்றால் என் கணவர். சக்கரத்திலிருந்து தோல் வார் வழியாக மேல்மாடித் தறிக்குச் சுழற்சி எப்படிப் போகிறது என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் சரியாகத் தூங்கினார். அந்த இடத்தைச் சுருக்கினேன், அப்போதும் தூங்கினார்.

ஆட்களைத் தேடி நான் போகவில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் முதியோர் பிரிவு வருடத்துக்கு ஒரு முறை எங்கேயாவது உலாப் போகும். இம்முறை இங்கே வரட்டும் என்று சங்கத் தலைவர் தாமாகவே முடிவு செய்தார். அதைக் கேட்டபோது சிரித்துக்கொண்டு நல்லது அண்ணை என்றேன். உள்ளே சிரிக்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் அண்ணையும் நானும் ஒரே ஊர். அவர்களின் தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு பங்குக்கிணறு. ஒரு நாள் அவர்களின் முறை, மறுநாள் எங்கள் முறை. பொழுதுபட்டால் தண்ணீர் இறைக்கிற மெசினை நிறுத்த வேண்டும், இரவில் கிணறு ஊற வேண்டும், விடிய அடுத்தவர் இறைக்க வேண்டும். ஒரு கோடையில் அவர் மெசினை நிறுத்தவில்லை. இளந்தாரியாக இருந்த காலம், வீட்டில் இறைப்பைப் பார்த்தது அவர்தான். விடிய அப்பா போனபோது கிணற்றில் சேறுதான் இருந்தது. அப்படி ஒரு தரமில்லை, அந்தக் கோடை முழுக்கவும். கேட்டதற்கு, "அரை மணித்தியாலம் கூட ஓடியிருக்கும், அதிலை என்ன வந்திடப் போகுது" என்று அப்பாவிடம் சொன்னார். எங்கள் புகையிலை கருகியது. அப்பா அதற்குப் பிறகு தோட்டம் செய்யவில்லை, ஒரு கடையில் போய் நின்றார், கடைசிவரை அங்கேயே நின்றார். பிறகு நாட்டில் யுத்தம் வந்து, ஊர் கலைந்து, ஜெர்மனியில் வந்து பார்த்தால் இரண்டு தெரு தள்ளி அவர் இருக்கிறார். என் மகளின் கலியாணத்தில் அவர்தான் வாழ்த்துரை. நான்தான் அவருக்குப் பாயசம் வைத்தேன். கிணறு என்ற சொல்லை இருவரும் இத்தனை வருடத்தில் ஒரு முறையும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இவரோடு சேர்த்து இருபத்திரண்டு பேர் வந்தார்கள், சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னதாக. ஒரு மணிநேர ஃபியூருங்குக்கு மூன்று பெட்டி ரோல்ஸ், ஒரு பெட்டி பட்டிஸ், நாலு பெரிய தேநீர்க் குடுவைகள். அதோடு ஒரு குத்துவிளக்கு. சங்கம் எதைத் தொடங்கினாலும் மங்கள விளக்கு ஏற்றித்தான் தொடங்கும். கணக்காய்வுக் கூட்டத்துக்கே ஏற்றுகிறவர்கள் ஆலைக்கு ஏற்றாமல் விடுவார்களா?

நூற்றைம்பது வருடப் பஞ்சுத் தூசி ஊறிய மரத்தரையில், திரி, எண்ணெய், தீப்பெட்டியோடு ஒரு கூட்டம் நிற்பதைப் பொறுப்பாளர் பார்த்தார். அவருடைய முகம் நூல் வெளுத்த மாதிரி வெளுத்தது. நான் பாய்ந்து போய் விளக்கை வெளியே கால்வாய்க் கரைக்குத் தூக்கிப்போகச் சொன்னேன். அங்கே காற்று மூன்று முறை அணைத்தது. நாலாம் முறை பிடித்ததும் தலைவர் அண்ணை வரவேற்புரை ஆற்றினார். "எங்கட ஊர்ப் பிள்ளை இண்டைக்கு இப்பிடி ஒரு பெரிய இடத்திலை உயர்ந்த பதவியிலை இருக்கிறது எங்கள் எல்லாருக்கும் பெருமை" என்று முடித்தார். கை தட்டினார்கள். பொறுப்பாளரும் தட்டினார், பாவம்.

உள்ளே போனோம். நூற்கும் இயந்திரத்தைக் காட்டினேன். வைத்தியரின் வரவேற்பறையில் இருப்பதைப் போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாவு, ஊடு, நாடாத் தறி என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒருவர் கொட்டாவி விட்டார், அது பக்கத்தில் இருந்தவருக்குத் தொற்றி, வரிசையாகப் போய் இவரில் முடிந்தது. ஒரு அக்கா கையைத் தூக்கினார். கேள்வி வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன்.

"பிள்ளை, உம்மடை மகளுக்கு இது எத்தினையாம் மாசம்?"

இன்னொருவர், "உங்கட ஒஃபிஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் கையை வீசிப் பூட்டியிருந்த ஒரு கதவைக் காட்டினேன். அதற்குள் என் தூசி உறிஞ்சியும் இரண்டு வாளியும் இருந்தன. பின்னால் நின்ற பொறுப்பாளர் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருபத்திரண்டு முகமும் அவருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

கடைசியாகக் கால்வாய். கரையோரம் அறுபது அடி வைத்து மேலே நடந்தால் ஒரு மரக் கதவு இருக்கிறது, தண்ணீரை மறிப்பதற்கு. மேலே இருக்கும் இரும்புச் சில்லைச் சுற்றினால் கதவு இறங்கும், ஏறும். பக்கத்தில் ஒரு ஓக் மரக் கம்பம், அதில் ஒரு பெரிய ஆணி. அந்த இடத்தில் முன்பு வேறொரு ஆலை இருந்தது, அதை மேலாலை என்போம். மியூசியமாக இருப்பது கீழாலை. இந்த இடத்தில் எங்கள் ஆசிரியர் வழிகாட்டி இரண்டே வசனம் சொல்லிவிட்டுப் போவார். என் முப்பது பக்கத்திலும் ஐந்து வரிதான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"மேலாலைக்காரன் கதவை இறக்கித் தன்ரை குளத்தை நிரப்பலாம். ஆனால் தண்ணி இந்த ஆணிக்கு மேலை ஏறக் கூடாது. அதுதான் சட்டம். கீழாலைக்காரன் சொன்னான், உவன் ஒவ்வொரு நாளும் ஆணிக்கு மேலை ஏத்திறான், என்ரை சக்கரம் நிக்குது எண்டு. ரெண்டு பகுதியும் தகப்பன் காலம், மகன் காலம் எண்டு வழக்காடினவை."

கொட்டாவி நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் எழும்பினார்கள். ரோல்ஸ் பெட்டியைத் திறக்கப் போனவர் மூடினார்.

"ஆர் பிழை?" என்றார் ஒருவர்.

"தீர்ப்பு என்ன வந்தது?" என்றார் இன்னொருவர்.

தீர்ப்பு வருவதற்குள் நீராவி இயந்திரம் வந்துவிட்டது, தண்ணீர் தேவைப்படவில்லை, வழக்கு அப்படியே செத்துவிட்டது என்றேன். அதை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. தீர்ப்பில்லாத வழக்கா? எங்கள் ஆட்களுக்கு முன்னால் அப்படி ஒன்றை வைத்தால் சும்மா விடுவார்களா? கர்ப்பம் விசாரித்த அந்த அக்கா கம்பத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர்கள் வீட்டில் வேலிக் கதியாலைத் தள்ளி நட்டதற்காக மூன்று வழக்கு நடந்தது, எல்லாம் பார்த்துப் பழகிய கண். ஆணியைத் தடவினார், கீழே தடவினார்.

"இஞ்சை வந்து பாருங்கோ! பழைய ஓட்டை ஒண்டு கீழை கிடக்கு. ஆணியைக் கழட்டி ஒரு சாண் மேலை அடிச்சிருக்கினம்!"

இருபத்திரண்டு பேரும் அந்த ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தார்கள். பதினொரு வருடம் அந்தக் கம்பத்தில் சிலந்தி வலை தட்டியவள் நான், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. அதோடு கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மேலாலைக்கு எட்டுப் பேர், கீழாலைக்குப் பதின்மூன்று பேர். இவர் மட்டும் நடுவில் நின்று பட்டிஸ் சாப்பிட்டார். மேலாலைக்குத் தலைமை தாங்கியது தலைவர் அண்ணை.

"தண்ணி முதல் வாறது அவனிட்டை. ஒரு சாண் கூட மறிச்சால் என்ன வந்திடப் போகுது?" என்றார்.

அவ்வளவுதான். முப்பது பக்கமும் எனக்கு மறந்துபோனது.

"ஓம் அண்ணை," என்றேன். "அரை மணித்தியாலத்திலை என்ன வந்திடப் போகுது எண்டும் அப்பாவிட்டைச் சொன்னனீங்கள்."

எல்லோருக்கும் தெரிந்த கதைதான், எல்லோரும் தெரியாத மாதிரி இருந்த கதை. இவருக்குப் பட்டிஸ் புரைக்கேறியது. வழிகாட்டி பார்வையாளரோடு சண்டை பிடிக்கிறாள், என் வேலை இதோடு சரி என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கியது. விளங்கியும் வாய் நிற்கவில்லை.

"சும்மா கதைக்காதையும் பிள்ளை. ஒரு சாணுக்கு ஒண்டும் ஆகாது. நான் காட்டுறன் பாரும்," என்று அண்ணை போய்ச் சில்லைப் பிடித்தார். தொடக் கூடாது என்று அங்கே மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. தமிழில் இல்லை. கதவு முனகிக்கொண்டு ஒரு சாண் இறங்கியது. தண்ணீர் மெல்ல ஏறி, பழைய ஓட்டையை மூடி, ஆணியைத் தொட்டது.

கீழே எங்கள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். ஒரு சுற்று வந்தது. அடுத்த சுற்றுக்கு நேரம் எடுத்தது. மூன்றாவது சுற்றில் பாதி வந்து, கொஞ்சம் யோசித்து, பின்னால் வந்து நின்றது. மேல்மாடியில் ஓடிக்கொண்டிருந்த தறியின் சத்தமும் நின்றது. அங்கே பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் குடும்பம் என்ன நடந்தது என்று ஜன்னலால் எட்டிப் பார்த்தது.

அண்ணை சில்லில் வைத்த கையை எடுக்காமல் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார்.

பொறுப்பாளர் ஓடி வந்தார். முதலில் கதவை ஏற்றினார், பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், இங்கே என்ன நடந்தது என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெம்பிருக்கவில்லை. ஆணி, ஓட்டை, மேலாலை, கீழாலை, பங்குக்கிணறு, அப்பா, புகையிலை எல்லாவற்றையும் என் ஜெர்மனில் கொட்டினேன். கிணற்றை வேறு எப்படிச் சொல்வது? மூக்குச் சளியோடுதான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு போய்க் கம்பத்தின் முன்னால் முழங்காலில் இருந்தார். அக்கா அவருடைய விரலைப் பிடித்து ஓட்டைக்குள் விட்டுக் காட்டினார். இருவருக்கும் பொது மொழி இல்லை, ஆனால் வேலிச் சண்டை நன்றாகவே விளங்கியது.

எழும்பி வந்து பொறுப்பாளர் சொன்னது இதுதான். இந்தக் கம்பத்துக்கு முன்னால் யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. உங்கள் ஆட்கள் முக்கால் மணிநேரம் நின்றிருக்கிறார்கள். புதன்கிழமை உட்கார்ந்து பேச ஒரு டெர்மின் போடுவோம்.

அந்தப் புதன்கிழமை எனக்கு வேலை கிடைத்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் வழிகாட்டி. மற்ற நாட்களில் பழையபடி வாளிதான், அதற்கும் ஆள் வேண்டுமே. கதவின் சில்லுக்கு ஒரு பூட்டுப் போட்டார்கள், திறப்பை என்னிடம் தந்தார்கள். ஒவ்வொரு ஃபியூருங்கிலும் நான் கதவை ஒரு சாண் இறக்கிச் சக்கரத்தை நிறுத்திக் காட்டி, பிறகு ஏற்ற வேண்டும் என்று ஏற்பாடு. இதற்கிடையில் மர நிபுணர் ஒருவர் வந்து ஓட்டையை விளக்கடித்துப் பார்த்தார். அது ஆணி அடித்த ஓட்டையாகவும் இருக்கலாம், வண்டு அரித்ததாகவும் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அக்காவிடம் சொன்னேன். "அந்த வண்டு மேலாலைக்காரன்ரை வண்டு" என்றார்.

சங்கத்தில் இப்போது எல்லோருக்கும் என் ஒஃபிஸ் எது என்று தெரியும், ஏனென்றால் நானே திறந்து காட்டினேன். தலைவர் அண்ணை மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோயிலில் கண்டால் சப்பாத்தைத் தேடுகிற மாதிரிக் குனிவார். எனக்கு அது ஒரு பக்கம் இனித்தது. இன்னொரு பக்கம், ஏன் வாயைத் திறந்தேன் என்று இருந்தது. நான் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்த வருடங்கள், நேரில் பிடித்த ஐந்து நிமிடத்தைவிட வசதியாக இருந்தன.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு அவர் வந்தார். கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி குடும்பம், மருமக்கள் என்று ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விளக்குக் கொண்டுவரவில்லை. உரை நிகழ்த்தவில்லை. தறியடியில் பேசாமல் நின்று கேட்டார்.

கம்பத்தடிக்கு வந்து கதையைச் சொன்னேன். கதவை ஒரு சாண் இறக்கினேன். சக்கரம் நின்றது. நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவர்களிடமும் கேட்டேன், ஆர் பிழை என்று.

அவருடைய தம்பி சிரித்துக்கொண்டு, "ஒரு சாண் தானே, உதிலை என்ன" என்றார். அந்தக் குடும்பத்தின் வாய் எங்கே போனாலும் மாறாது.

"நீ பேசாதை," என்றார் அண்ணை. பிறகு அத்தனை பேருக்கும் முன்னால் என்னைப் பார்த்தார். "பிள்ளை, அது அரை மணித்தியாலமில்லை."

முப்பது வருடத்துக்கு மேலாக அவருக்குச் சொல்லவென்று நான் கட்டி வைத்திருந்த வசனங்கள் எத்தனையோ. அப்பா இதைக் கேட்காமல் போய்விட்டாரே என்று மட்டும் நினைத்தேன்.

"தெரியும் அண்ணை," என்றேன். பிறகு, "நீங்களே கதவை ஏத்துங்கோ," என்று விலகி நின்றேன்.

அவர் இரண்டு கையாலும் சில்லைப் பிடித்துச் சுற்றினார். தண்ணீர் சத்தத்தோடு கீழே போனது. எங்கள் சக்கரம் அசைந்து, ஒரு சுற்று வந்து, ஓடத் தொடங்கியது. மேலே தறியும் தட்டியது.

"காணும் அண்ணை, இவ்வளவு ஏத்தினது காணும்," என்றேன்.

அவர் கேட்கவில்லை. கதவு மேற்சட்டத்தில் முட்டும்வரை சுற்றிக்கொண்டே நின்றார்.